பேய்ப்படிக்கு ஒரு டிக்கெட்

பட்டறைக்காரனுக்கு ஒரு கண்டக்டர் மேல் ஆத்திரம். நேற்று முளைத்த ஆத்திரமில்லை. மீசை முளைக்கும் முன்பே முளைத்தது, மீசை நரைத்த பிறகும் அது நரைக்கவில்லை. அப்படி என்னய்யா பகை என்று யாராவது கேட்டால், கையிலிருக்கும் வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரே வரியில் சொல்வான்: "எங்கம்மாவை உயிரோட பேயாக்கினவன் அவன்."

கேட்டவன் மேற்கொண்டு கேட்கமாட்டான். ராடை மறுபடி கையில் எடுத்துவிடுவானோ என்று பயம்.

நடந்தது இதுதான். ரோட்டை அகலப்படுத்தினபோது அவர்கள் வீடு போனது. கீழே இரண்டு அறை, மேலே ஒரு அறை, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தட்டித் தரையாக்கினார்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டியிருந்த மாடிப்படி மட்டும் அளவுக்கோட்டுக்கு வெளியே நின்றது. இடிக்க வந்தவர்களுக்கு அதை இடிக்கச் சொல்லவில்லை, அவர்களும் இடிக்கவில்லை. வேலைக்காரன் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். ஆக, ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் இருந்த சுவர் போய்விட்டது. படி பாட்டுக்கு ஏறி, இல்லாத மாடிக்குப் போய், ஆகாயத்தில் முடிந்தது. உச்சியில் இரண்டு கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன.

எதிர்ப்பக்கம் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடிபோனார்கள், அம்மாவும் அவனும். அப்பா அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். வாடகை அறையில் துணி காயப்போட இடமில்லை. அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டுவாள், பழைய படியில் ஏறுவாள், அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே கயிறு கட்டி உலர்த்துவாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. அங்கே நாளெல்லாம் படுக்கை விரிப்பு மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்த விரிப்பை உதறுவாள்.

அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்திருந்த கண்டக்டர், ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் புட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தவர், "ஐயோ, பேய்!" என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வீடில்லாத படியின் உச்சியில், காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல், வெள்ளையாக ஒன்று அசைந்தது. பஸ்ஸில் பாதி சிரித்தது, பாதி அலறியது. மறுநாள் டிரைவர் அதே இடத்தில் வண்டியை மெதுவாக்கி, "எங்கேப்பா உன் சொந்தக்காரி?" என்று கேட்டார். மெதுவாக்கினால் இறங்குகிறவன் இறங்கத்தானே செய்வான்? இரண்டு பேர் இறங்கினார்கள். அதற்கு மறுநாள் நான்கு பேர் ஏறினார்கள். பஸ் நின்றால் அது ஸ்டாப்பு, ஸ்டாப்பு என்றால் பேர் வேண்டும். "பேய்ப்படி, பேய்ப்படி, பேய்ப்படி எறங்கு!"

இப்படித்தான் ஒரு பெண்பிள்ளை துணி காயப்போட்ட இடத்துக்கு அந்தப் பேர் வந்தது.

அம்மாவுக்கும் அதே பஸ்தான். டிக்கெட் கேட்டால் "பேய்ப்படி ஒண்ணு" என்று கேட்கவேண்டும். அவள் கேட்டதில்லை. முந்தின ஸ்டாப்பான தண்ணீர் டேங்குக்கு டிக்கெட் வாங்கி, அங்கேயே இறங்கி நடந்து வருவாள். வெயிலானாலும் நடை, மழையானாலும் நடை. மகன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். வெட்கத்தில்தான் இப்படி நடக்கிறாள் என்று அவன் வயிறு எரியும். ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் படியையும் இடித்தார்கள். பேர் இடியவில்லை. அவன் வளர்ந்து, பட்டறை போட்டு, கல்யாணம் கட்டி, சொந்த வீட்டுக்கு அம்மாவை அழைத்துவந்து, அங்கேயே அவள் மூச்சும் அடங்கியது. அடக்கம் செய்யப் போன இடத்தில் எவனோ பின்னாலிருந்து, "பேய்க்கே சாவு வந்துடுச்சுப்பா" என்றான். அவன் பல் இரண்டு போனது. பட்டறைக்காரன் அன்றைக்கும் நினைத்தது, அடிபட்டவன் வாய் தப்பான வாய், அடி விழவேண்டிய வாய் வேறே என்றுதான்.

அந்த வாய் ஒருநாள் அவன் பட்டறைக்கே வந்தது.

"தம்பி, டிப்போவுல அனுப்பினாங்க."

கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் வந்தது. முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. ஊரெல்லாம் கேட்ட குரல். கூட்டத்துக்கு நடுவே கூப்பிட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் காலை மடக்கிக்கொள்ளும் குரல். இப்போது கொஞ்சம் துருவேறியிருந்தது, அவ்வளவுதான்.

பட்டறைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். ஓய்வுபெற்று வருஷமாகிவிட்டது, ஆனால் ஆள் இன்னும் ஓடுகிற பஸ்ஸில் நிற்பதுபோலவே நின்றார். கால் இரண்டும் அகட்டி, இடது இடுப்பை டிரில்லிங் மெஷினில் சாய்த்து. வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது, தோல்பை தொங்கித் தொங்கி. கெண்டைக்காலில் நரம்பு கயிறுபோல முறுக்கி நின்றது. ஸ்டூலைக் காட்டினான், வேண்டாவெறுப்பாகத்தான்.

"உக்காந்தா தூக்கம் வரும் தம்பி. எங்க வீட்லயே நான் நின்னுக்கிட்டுதான் சாப்பிடுவேன். என் பொண்ணு சொல்லும், அப்பாவைப் பெட்டியில போடறப்போ கூட நிக்கவச்சுத்தான் போடணும்னு."

கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். பட்டறைக்காரன் சிரிக்கவில்லை.

கண்டக்டரைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுண்டு. மனைவி சீக்கிரமே போய்விட்டாள். ஒரே மகளை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தார். ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் மாதிரி வீட்டில் முடங்காமல், தினமும் ஒரு பஸ்ஸில் ஏறி, ஒரு ஸ்டாப்பில் இறங்கி, "இந்த எடத்துக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டு நடந்தார். முப்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தின பேர்கள், ஒன்றுக்காவது அர்த்தம் தெரியாமல் சாகக்கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். பொழுதுபோகாத கேஸ் என்று டிப்போவில் சொன்னார்கள். ஆனால் டிப்போ மேனேஜர் புதிதாக இரும்புப் பலகை நடத் தீர்மானித்தபோது, எந்த ஸ்டாப்புக்கு என்ன பேர் என்று சொல்ல அந்தப் பைத்தியத்தைத்தான் பட்டறைக்கு அனுப்பவேண்டியிருந்தது.

பலகை வேலை பட்டறைக்காரனுக்குத்தான் வந்திருந்தது. தகட்டில் எழுத்தைச் சாக்பீஸால் போட்டு, வெட்டியெடுத்துக் கம்பத்தில் வெல்டு வைக்கவேண்டும்.

"சொல்லுங்க," என்றான். உள்ளே புழுங்கியது. வேலை வேலைதானே.

"மூணு விளக்கு."

"அங்க ஒரு விளக்குகூட இல்லையே?"

"அப்பவும் இருந்ததில்ல. விளக்கு வேணும்னு மூணு பேர் மனு குடுத்தாங்க. யார் வீட்டு வாசல்ல நடறதுன்னு அந்த முக்குலயே நின்னு மூணு பேரும் வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. விளக்கு வரல, பேர் வந்துடுச்சு."

பட்டறைக்காரன் சாக்பீஸால் குறித்தான்.

"டாக்டர் தோட்டம். டாக்டரும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஊசி போடற கம்பவுண்டர், வாசல்ல ஒத்தப் பப்பாளி மரம். ஊசிக்குப் பயந்தவன் அவரை டாக்டர் ஆக்கினான், பப்பாளிக்கு ஏங்கினவன் அதைத் தோட்டம் ஆக்கினான்."

"அடுத்தது?"

"அவசரம்."

"என்னது?"

"டிரைவருங்க வண்டியை நிறுத்திட்டு எறங்கி ஓடற எடம். அதை அப்படியே வெட்டிடாதே, பாலத்தடின்னு போடு. மேனேஜர் மூக்கைப் பொத்திக்குவார்."

உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு அவனுக்கு அவன்மேலேயே கோபம் வந்தது. எதிரி வந்து கிச்சுகிச்சு மூட்டினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இதெல்லாம் யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறீங்க?" என்றான், முறைப்பாக.

"பெருமையா சொல்றவன்கிட்ட கேக்கமாட்டேன். அவன் ராஜா வந்தார், யானை கட்டினார்னு அளப்பான். பேரைக் கேட்டதும் எவன் மூஞ்சியைச் சுளிக்கிறானோ, அவன்கிட்டதான் போவேன். அவனுக்குத்தான் தெரியும்." கண்டக்டர் இடுப்பை மாற்றிச் சாய்ந்தார். "அதான் உன்கிட்ட வந்தேன். ஒரு பேர் பாக்கி இருக்குல்ல."

பட்டறைக்காரன் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

"பேய்னு அரசாங்கப் பலகையில எழுதக்கூடாதாம், மேனேஜர் சொல்லிட்டார். எழில்முனைன்னு போட்டுக்கலாம்னார். உனக்குச் சம்மதம்னா அப்படியே வெட்டிக்கோ. உன்னைக் கேக்காம நான் தலையாட்டமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். இத்தனை வருஷமாக எது அழியவேண்டும் என்று பல்லைக் கடித்தானோ, அதை அழிக்கச் சொல்லி அவனிடமே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வெட்ட வேண்டியது அவன் கை, வெல்டு வைக்க வேண்டியது அவன் கை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா பேரிலிருந்து பேய் இறங்கிவிடும். ஆனால் வாய் வேறே சொன்னது.

"யோவ், இப்ப வந்து சம்மதம் கேக்கறியா? வாயைத் தொறந்து கத்தினப்போ கேட்டியா? எங்கம்மா என்னய்யா பண்ணா உனக்கு? துணி காயப்போட்டா. ஒரு துணி காயப்போட்டதுக்கு ஊர் வாயில போட்டு மெல்ல விட்டியே! தன் வீட்டு வாசல்ல எறங்கக் கூசி ஒரு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி நடந்தாளே, வருஷக்கணக்கா நடந்தாளே, அதுக்கு யார்கிட்டய்யா சம்மதம் கேட்டே?"

கண்டக்டர் கையைக் கூப்பவில்லை, மன்னிப்பு என்று வாயைத் திறக்கவுமில்லை. தலையைச் சாய்த்து, சில்லறை கேட்கும் பயணியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"நான் உங்கம்மாவைச் சொல்லல தம்பி."

"பின்ன யாரை?"

"அந்த கிரைண்டரை நிறுத்து. சொல்றேன்."

கிரைண்டர் நின்றது. சக்கரம் மட்டும் தன் போக்கில் கொஞ்ச நேரம் சுழன்று அடங்கியது.

"நாள் பூரா பஸ்ஸுக்குள்ள நான் பார்க்கறது என்ன? ஆளுங்க எனக்கு வழி விடறதைத்தான். நான் வர்றேன்னா எப்படி ஒதுங்குவாங்க? முதுகைச் சீட்டோட ஒட்டுவாங்க, வயித்தை உள்ள இழுப்பாங்க, கையில பை இருந்தா தலைக்கு மேல தூக்குவாங்க, மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்புவாங்க. மூச்சுப்படக்கூடாதுல்ல. சும்மா நிக்கறவன் அப்படி நிக்கமாட்டான். எதிர்ல ஆள் வந்தாத்தான் அப்படி நிப்பான். அதை நான் தூக்கத்துல பார்த்தாலும் சொல்லிடுவேன்."

அவர் டிரில்லிங் மெஷினை விட்டு விலகி, பட்டறைச் சுவரோரம் போய் நின்று செய்துகாட்டினார். முதுகு சுவரில் ஒட்டியது. வலது கை இல்லாத வாளியைத் தலைக்கு மேல் தூக்கியது. முகம் இடப்பக்கம் திரும்பியது.

"அன்னிக்கு உங்கம்மா பாதிப் படியில இப்படி நின்னாங்க. சுவர் இருந்த பக்கமா முதுகைச் சாய்ச்சு. ஆனா அங்க சுவரு எது? முதுகுக்குப் பின்னாடி காத்துதான். விழுந்துடுவாங்கன்னே நெனச்சேன். விழல. ஒரு ஆள் எறங்கிப் போற அளவு நேரம் அப்படியே நின்னாங்க. அப்புறம் நேராகி, வாளியை எறக்கி, மேல ஏறிப் போனாங்க. எறங்கி வந்தவரு யாரும் இல்ல. அதைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். ஜனங்க திரும்பறதுக்குள்ள அவங்க உச்சிக்குப் போய் விரிப்பை உதறிட்டாங்க. எல்லாரும் அதைப் பார்த்துட்டு அவங்களையே சொல்லிட்டாங்க. ஊர் வாயை மூட நான் யாரு?"

ஸ்டூலைக் கண்டக்டருக்குப் போட்டவன், தானே அதில் உட்கார்ந்தான்.

அப்பாவுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். பகலெல்லாம் மாடி அறையில் தூங்குவார். பொழுது சாயும் நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்குவார். அம்மா வாளியோடு ஏறுவதும் அதே நேரம். இரண்டு பேர் ஒன்றாகப் போகமுடியாத படி. அம்மா சுவரோடு ஒட்டி வாளியைத் தூக்குவாள். அப்பா, "ஒரு நாளாவது நான் போனப்புறம் ஏறேன்டி," என்பார். "நீங்க ஒரு நாளாவது முன்னாடி எறங்குங்களேன்," என்பாள். கீழே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகன் தினம் கேட்ட பேச்சு அது. ஒருநாள் அப்படி இறங்கிப் போனவர்தான், மில்லிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறங்கினவர் திரும்ப ஏறவில்லை.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எல்லார் வீட்டிலும் படி இருக்கிறது, எல்லாரும் வழி விடுகிறார்கள்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா, நீங்க பார்த்தது?" 'யோவ்' போயிருந்தது. போனதை அவனே கவனிக்கவில்லை.

"அவங்களே வந்து கேட்டாங்களே. பஸ் காலியா இருந்த ஒரு நாள், பக்கத்துல வந்து நின்னு, 'தம்பி, நீங்க கத்தினீங்களாமே'ன்னாங்க. செருப்படிதான்னு நெனச்சேன். பார்த்தா குரலைத் தாழ்த்தி, 'நீங்க அவரைப் பார்த்தீங்களா? எனக்குத் தெரியமாட்டேங்குது. வர்றார்னு மட்டும் தெரியுது, மூஞ்சி தெரியல. எப்படி இருக்கார்?'னு கேக்கறாங்க."

பட்டறைக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்து போனது. இரண்டு பேரும் அது போகும் வரை காத்திருந்தார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"பார்க்கலன்னா அந்த மூஞ்சி விழுந்துடும். பார்த்தேன்னா பொய். 'அவசரமா எறங்கினார்மா, நல்லாப் பார்க்கமுடியல'ன்னேன். 'எப்பவும் அப்படித்தான்'னு சொல்லிச் சிரிச்சாங்க பாரு! அதுக்கப்புறம் என் பஸ்ஸுல வந்தா டிக்கெட் வாங்கறப்போ ஒரு பார்வை பார்ப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்கற மாதிரி. தண்ணி டேங்குல எறங்கறது கூட அதுக்குத்தான். 'பேய்ப்படில எறங்கினா கூட்டத்தோட போகணும் தம்பி, கூட்டத்தைப் பார்த்தா அவர் ஒதுங்கிடுவார்'னு அவங்களேதான் சொன்னாங்க. நீ வெக்கம்னு நெனச்சியா?"

பட்டறைக்காரனுக்கு அறை வாசலில் நின்று வயிறெரிந்த அத்தனை சாயங்காலமும் கண்முன்னால் வந்து நின்றது. அம்மா நடந்து வரும்போது முகம் எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தான். கோபத்தில் அவன் பார்த்ததெல்லாம் அவள் செருப்பைத்தான்.

கடைசியில் அவன் கேட்டது, எல்லாரும் கேட்பதைத்தான். "நிஜமா நீங்க எதுவும் பார்க்கலியே?"

"அன்னிக்குப் பார்க்கல," என்றார் கண்டக்டர்.

"அன்னிக்கு...?"

"சாயங்காலம் சும்மா இருந்தா அங்க போய்ப் பாரு. நான் சொன்னா நம்பமாட்டே. எந்தப் பேரா இருந்தாலும் அந்த எடத்துல போய் நின்னு பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும்." போகும்போது திரும்பி, "எழில்முனையா, மத்ததான்னு நீயே சொல்லு. நான் டிப்போவுல அதையே சொல்றேன்," என்றார்.

அன்றைக்கே போனான். அம்மா இறந்த பிறகு அவன் அந்த ஸ்டாப்புப் பக்கம் வண்டியை நிறுத்தினதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவான். எதிர்ப்பக்கம், பழைய வாடகை அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அதன் வாசலில் நின்றான். ஆபீஸ் விடும் நேரம். ஸ்டாப்பில் நல்ல கூட்டம். தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஒருத்தர் காலை ஒருத்தர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் யாரும் நிற்கவில்லை. ஒரு ஆள் போகிற அகலம். கூட்டம் இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தது. பள்ளமாக இருக்கும், சேறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தான். சமமான சிமெண்ட் தரை. காய்ந்த தரை. ஒருத்தி போனில் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து அந்த இடத்துக்கு வந்தாள். வந்தவள், யாரோ தொட்டமாதிரி, பேச்சை நிறுத்தாமலே பையை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கினாள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியது. ஒதுங்கினது அவளுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம்.

பஸ் வந்தது. "பேய்ப்படி, பேய்ப்படி!" வேறே குரல், சின்ன வயசுக் குரல். கூட்டம் ஏறியது. அந்த இடைவெளி கடைசி வரைக்கும் மூடவில்லை.

பட்டறைக்காரனுக்கு முதுகு சில்லிட்டது. ஆனால் பயமில்லை. ராத்திரி ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ தன்னைத் தாண்டிப் போனதுபோல ஒரு உணர்வு. கழுத்தைத் தடவிக்கொண்டான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னான். பைத்தியமா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையிலிருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அத்தையோட ஒரு தடவை அந்த ஸ்டாப்புல நின்னிருக்கேங்க," என்றாள். "கையைப் பிடிச்சுத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. 'கொஞ்சம் தள்ளி நில்லும்மா, வழியில நிக்காதே'ன்னாங்க. யாரோ வர்றாங்கன்னு நானும் தள்ளி நின்னேன். யாரும் வரல. வயசாச்சு, கண்ணு சரியில்லன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்த ஸ்டாப்புப் பேரை எடுத்தாலே நீங்க தட்டைத் தள்ளிட்டு எழுந்துடுவீங்க. அப்புறம் யாரு சொல்லுவா?"

நியாயம்தான்.

மறுநாள் பட்டறையில் தகட்டை விரித்தான். எழில்முனை என்று சாக்பீஸால் போட்டுப் பார்த்தான். அழகான பேர்தான். புதுப் புடவை மாதிரி இருந்தது. யார் கட்டினாலும் பொருந்தும், யாருடையதும் இல்லை. அந்தப் பலகையை நட்டால் இன்னும் பத்து வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அம்மா பேய் என்பதும் போகும். அவளோடு சேர்ந்து, வாளியைத் தூக்கினதும், முதுகுக்குச் சுவரில்லாமல் சாய்ந்ததும், எப்பவும் அப்படித்தான் என்று சிரித்ததும், எல்லாம் போகும். ஊரிலேயே அந்தப் பேர் ஒன்றுதான் அவளுக்கு, உனக்குத் தெரிந்தது பொய்யில்லை என்று தினமும் கத்திச் சொன்ன பேர். ராத்திரி ஷிப்டுக்குப் போன மனுஷனுக்கும் இந்த ஊரில் வேறே பேர்ப்பலகை கிடையாது.

ஈரத்துணியால் சாக்பீஸை அழித்தான். பேய்ப்படி என்று போட்டான். ஐந்தே எழுத்து. மற்ற எந்தப் பலகைக்கும் எடுத்துக்கொள்ளாத நேரம் எடுத்து, ஓரமெல்லாம் அரத்தால் தேய்த்து வெட்டினான்.

டிப்போ மேனேஜர் குதித்தாராம். கண்டக்டர்தான் போனில் அடக்கினார். "சார், எழில்முனைன்னு போட்டாலும் பஸ்ஸுல பேய்ப்படின்னுதான் கத்துவாங்க, வெளியூர்க்காரன் எவனும் எறங்கமாட்டான். எழில்முனை எங்கேன்னு கேட்டுக்கிட்டு நேரா டிப்போவுக்குத்தான் வருவான். வந்து உங்க ரூம் கதவைத்தான் தட்டுவான். பார்த்துக்கங்க." மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதையெல்லாம் கண்டக்டர் படுத்துக்கொண்டு பேசினார் என்பது பட்டறைக்காரனுக்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டறைக்கு வந்துபோன பிறகு அவர் கால் வீங்கி, நிற்கமுடியாமல் போய், மகள் வீட்டுக் கட்டிலில் விழுந்துவிட்டார். பலகை தயார் என்று சொல்லப் போனவனை மகள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணா, ரொம்பப் பேச வைக்காதீங்க. மூச்சு வாங்குது. ஆனா பேசலன்னாலும் திட்டுவாரு."

நிற்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன் படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இருந்தும் பட்டறைக்காரன் உட்காரவில்லை. அவருக்குப் பதிலாகத் தானாவது நிற்கலாம் என்று தோன்றியதோ என்னவோ.

"வெட்டிட்டேண்ணே," என்றான். முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது. "அதே பேருதான்."

"தெரியும். நீ போய்ப் பார்த்துட்டேன்னு தெரியும்." கண்டக்டர் கண்ணை மூடித் திறந்தார். "எவ்வளவு எடம் விட்டு நிக்கறாங்க?"

"ஒரு ஆள் அகலம்."

"அப்பவும் அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் மூச்சை வாங்கினார். "எப்ப நடறே?"

"நாளைக்கு மறுநாள்."

"நான் வரமுடியாது."

"நல்லாகி வந்து பாருங்க."

"நல்லாகறதாவது. கடைசி ஸ்டாப்பு வந்தப்புறம் எவன்டா சீட்டுல உக்காந்திருப்பான்?" சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. மகள் வந்து முதுகைத் தடவிக்கொடுத்து, பட்டறைக்காரனைப் போதும் என்பதுபோலப் பார்த்தாள். அவன் கிளம்பத் திரும்பினான். கட்டிலிலிருந்து கை நீண்டு அவன் சட்டை நுனியைப் பிடித்தது, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற பிடி.

பலகை நடுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். போகும் வரை அவர் பேசினதெல்லாம் மகளோடும் பேரப்பிள்ளைகளோடும்தான். பட்டறைக்காரனிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அன்றைக்கு, சட்டையை விடாமல் கேட்டதுதான்:

"தம்பி, கம்பத்தை நடுவுல நட்டுடாதே. கொஞ்சம் தள்ளி நடு. சாயங்காலம் அவரு எறங்கி வர்றப்போ இடிச்சுக்கப் போறாரு."